நுரையீரல் புற்றுநோய்: முன்னரே அறிதலும் ரோபோ அறுவை சிகிச்சையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற முறை நிர்வாகத்தினர் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். இம்முறை நாமே முன்வந்து, நுரையீரல் புற்றுநோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டுப் பெற்றோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நமது மஹல்லாவைச் சேர்ந்த 61 வயதுப் பெரியவர் ஒருவர் நமது மருத்துவமனைக்கு வந்தார். இரண்டு மாதங்களாக இருமல். மாலையில் இலேசான காய்ச்சல். உடல் எடையும் குறைந்திருந்தது. பதினேழாவது வயதிலிருந்து நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி குடித்தவர். எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோய் என்று எண்ணினோம். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. ஆயினும் காசநோய்க்குரிய மாத்திரைகளைத் தொடங்கினோம். ஒரு மாதம் கழிந்தது, இரண்டு மாதம் கழிந்தது, இருமல் நிற்கவில்லை. 'மருந்து வேலை செய்ய நாளாகும், பொறுங்கள்' என்று சொன்னோம். நான்காம் மாதம் முதுகு வலியால் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. அப்போதுதான் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினோம். புற்றுநோய் கல்லீரலிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. அதன் பின் அவர் ஏழு மாதங்களே வாழ்ந்தார்.

அடக்கம் முடிந்து பத்து நாட்கள் கழித்து அவருடைய மகன் நம்மிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. 'டாக்டர், முதல் மாதமே ஸ்கேன் எடுத்திருந்தால் வாப்பா பிழைத்திருப்பார்களா?' என்று மட்டும் கேட்டார். 'உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்' என்று பதில் சொன்னோம். அந்தப் பதிலைச் சொல்லிய நாள் முதல் அது நம் மனத்தை விட்டு அகலவில்லை. அக்குடும்பத்தாரின் இசைவோடுதான் இதனை இங்கே சொல்கிறோம். இன்று நாம் பேசுவது பிறருக்கு உபதேசம் செய்வதற்காக அல்ல. நாம் தவறவிட்டதை வேறு ஒருவர் தவறவிடக் கூடாது என்பதற்காகவே.

ஒவ்வோர் ஆண்டும் நமது ஆண்டறிக்கையின் இறுதியில் மறைந்தோர் பட்டியல் இடம்பெறுகிறது. பெயரும் தேதியும் இருக்கும்; காரணம் இராது. 'நெஞ்சுச் சளி', 'மூச்சு முட்டல்' என்று வீட்டார் சொன்னவற்றில் எத்தனை உண்மையில் இந்த நோய் என்பது யாருக்குத் தெரியும்?

நோயின் அளவு

2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 25 இலட்சம் பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 18 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். எந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைப் பறிப்பதில்லை. நமது நாட்டில் அதே ஆண்டில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்கு நோய் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்விரு எண்களும் இத்தனை நெருக்கமாக இருப்பதன் பொருள் என்ன? நமது நாட்டில் பெரும்பாலோருக்கு இந்நோய் முற்றிய பிறகே தெரிய வருகிறது என்பதுதான்.

ஏன் தாமதமாகத் தெரிகிறது? நுரையீரலின் உட்பகுதிக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. கையில் ஒரு கொப்புளம் வந்தால் அன்றே தெரிந்துவிடும். நுரையீரலுக்குள் ஒரு நெல்லிக்காய் அளவு கட்டி வளர்ந்தாலும் வலிக்காது. அது மூச்சுக்குழலை அடைத்தாலோ, நெஞ்சுக் கூட்டின் உட்சுவரைத் தொட்டாலோ, வேறு உறுப்புக்குப் போய்ச் சேர்ந்தாலோதான் உடல் முறையிடத் தொடங்கும். ஆகவே அறிகுறி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் காலம் கடந்தே வருகின்றனர்.

முன்னரே அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பல நாடுகளின் நோயாளிகளைத் தொகுத்து நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை தருகிறது. கட்டி 1 சென்டிமீட்டருக்கு மிகாமலும் எங்கும் பரவாமலும் இருக்கையில் கண்டறியப்பட்டவர்களில் 100-க்கு 92 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் 100-க்குப் பத்துப் பேர்கூடத் தேறுவது அரிதாயிருந்தது. அக்கணக்கிற்குப் பின் வந்த புதிய மருந்துகளால் இரண்டாவது எண் ஓரளவு உயர்ந்துள்ளது. எனினும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் மிகப் பெரியது.

ஒரு மருத்துவரும் ஒரு நோயாளியும்

இந்த இடத்தில் ஓர் உண்மை வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்றொரு புகழ் பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் கில்மோர் என்ற மருத்துவருக்கு அவர் அறுவை செய்தார். நெஞ்சைத் திறந்த பிறகுதான் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதாது என்பது தெரிந்தது. இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் நீக்கினார். புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை அவ்வாறு நீக்கி, நோயாளி பிழைத்தது அதுவே முதன்முறை.

அதே கிரஹாம், எர்ன்ஸ்ட் விண்டர் என்ற இளம் மருத்துவ மாணவருடன் சேர்ந்து 1950-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். நுரையீரல் புற்றுநோய் கண்ட 684 பேரின் புகைப் பழக்கத்தை ஆராய்ந்து, நெடுங்காலப் புகைப் பழக்கத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை அது எடுத்துக்காட்டியது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தனர். கிரஹாம் தாமே பல்லாண்டுகள் சிகரெட் பிடித்தவர். தமது ஆய்வு தமக்கே உண்மையை உணர்த்திய பின் அதனை விட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957-ஆம் ஆண்டு அவர் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். ஒற்றை நுரையீரலோடு வீடு திரும்பிய கில்மோர் 1963 வரை வாழ்ந்தார்.

சகோதரர்களே! உரிய நேரத்தில் செய்யும் அறுவை ஒருவருக்கு முப்பது ஆண்டுகளைத் திருப்பித் தரக்கூடும். நோயைப் பற்றிய அறிவு எவ்வளவு இருந்தாலும், புகையை விடுவதில் தாமதித்தவரை அது காப்பாற்றாமல் போகக்கூடும். இவ்விரு பாடங்களும் இந்த ஒரே வரலாற்றில் அடங்கியுள்ளன.

நம் வீட்டுத் திண்ணையில்

இது அமெரிக்காவின் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். மேலப்பாளையம் தொடங்கி முக்கூடல், கடையநல்லூர், தென்காசி வரை நம் நெல்லைச் சீமையில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிவது பீடி சுற்றும் பெண்களின் உழைப்பால்தான். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் இக்கூட்டத்திலும் இருக்கின்றனர். அவர்களுடைய உழைப்பை நாம் மதிக்கிறோம். அவர்கள் தொழிலைப் பழிப்பது நமது நோக்கமன்று.

ஆனால் பீடி சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற எண்ணம் தவறானது. பீடியில் புகையிலை குறைவுதான். ஆயினும் இலைச்சுருள் எளிதில் அணைந்துவிடுவதால் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியுள்ளது. தாரும் நிகோட்டினும் மிகுதியாக உள்ளே செல்கின்றன. பீடிப் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. புகையிலைத் தூள் பறக்கும் அறையில் நாள் முழுவதும் இருப்பதும் மூச்சுக் குழலுக்கு நல்லதன்று. பீடி சுற்றும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். குழந்தைகளை அங்கே உறங்க வைத்தல் கூடாது.

புகைப் பழக்கம் அறவே இல்லாதவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், இந்நோய் வருவதுண்டு. கணவரோ மகனோ வீட்டுக்குள் விடும் புகை, விறகடுப்புப் புகை, நகரத்து மாசுக் காற்று, குடும்ப வழி ஆகியவை அதற்குரிய காரணங்களில் சில. வெளிக்காற்றின் மாசையே புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-ஆம் ஆண்டு அறிவித்தது. 'எனக்குத்தான் எந்தக் கெட்ட பழக்கமும் இல்லையே' என்று மூன்று வார இருமலை அலட்சியம் செய்வதும் தவறாகும்.

எக்ஸ்ரே போதாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. எக்ஸ்ரே என்பது நிழற்படம். விலா எலும்பு, காறை எலும்பு, இதயம் ஆகியவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கட்டியை அது காட்டாமல் விட்டுவிடும். அமெரிக்காவில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்ததால் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை என்று 2011-ஆம் ஆண்டு தெரிவித்தது.

அதே 2011-ஆம் ஆண்டு வேறோர் ஆய்வு நம்பிக்கை தந்தது. நெடுநாள் புகைப் பழக்கம் உள்ள, 55 முதல் 74 வயதுக்குட்பட்ட 53,454 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாக மூன்று முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்; மறு பிரிவினருக்கு எக்ஸ்ரே. ஸ்கேன் எடுத்த பிரிவில் நுரையீரல் புற்றுநோயால் 356 பேரும், எக்ஸ்ரே பிரிவில் 443 பேரும் இறந்தனர். அதாவது இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. சுமார் 320 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஓர் உயிர் காக்கப்படும் என்பது அதன் கணக்கு. நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் நடந்து 2020-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பத்தாண்டு முடிவில் ஆண்களிடையே இறப்பு 24 விழுக்காடு குறைந்திருந்தது.

குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன் என்பது வழக்கமான சி.டி. இயந்திரத்திலேயே, கதிர்வீச்சின் அளவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து எடுக்கப்படுவது. ஊசி இல்லை, மருந்து செலுத்துவதில்லை. சில விநாடிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் போதும்.

இங்கிலாந்தில் இந்த ஸ்கேன் இயந்திரத்தை லாரியில் ஏற்றி, மக்கள் காய்கறி வாங்க வரும் கடைகளின் வாகன நிறுத்துமிடங்களுக்கே கொண்டுசென்றனர். அவ்வாறு கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் இரு நிலைகளிலேயே பிடிபட்டன. 2023-ஆம் ஆண்டு அதனை நாடு முழுவதற்குமான திட்டமாக அறிவித்தனர். தைவான் நாடு 2022-ஆம் ஆண்டு முதல், புகைப் பழக்கம் இல்லாவிட்டாலும் குடும்பத்தில் இந்நோய் இருந்தவர்களையும் தமது திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. நமது நாட்டில் இத்தகைய தேசியத் திட்டம் இன்னும் இல்லை. ஆகவே நமக்கு நாமேதான் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

யாருக்கு ஸ்கேன் தேவை?

அமெரிக்காவில் 2021 முதல் பின்பற்றப்படும் பரிந்துரை இது: 50 முதல் 80 வயது, நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகள், அல்லது அதற்கு ஈடான அளவு புகைத்திருத்தல், இன்னும் புகைப்பவராகவோ, விட்டு 15 ஆண்டுகளுக்குள் உள்ளவராகவோ இருத்தல். இவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு ஸ்கேன். இந்த வரையறை சிகரெட்டைக் கொண்டு வகுக்கப்பட்டது. பீடி குடித்தவர்கள் தம் மருத்துவரிடம் முழு விவரத்தையும் சொல்லி முடிவு செய்தல் நலம்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேற்கூறிய அமெரிக்க ஆய்வில் நான்கில் ஒரு ஸ்கேன் 'ஏதோ இருக்கிறது' என்று காட்டியது. அவற்றில் 100-க்கு 95-க்கும் மேற்பட்டவை புற்றுநோய் அல்ல. காசநோய் மிகுந்த நமது நாட்டில் பழைய தழும்புகள் இன்னும் அதிகமாகத் தெரியும். அதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில மாதங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே பல வேளைகளில் போதுமானது. வளர்ந்தாலோ, பெரிதாக இருந்தாலோதான் பெட் ஸ்கேன், ஊசி வழித் திசுப் பரிசோதனை ஆகியவை தேவைப்படும்.

ஆகவே புகைப் பழக்கமில்லாத முப்பது வயது இளைஞர்கள் 'முழு உடல் பரிசோதனை' என்ற விளம்பரத்தைக் கண்டு நெஞ்சு ஸ்கேன் எடுத்துக்கொள்ள ஓட வேண்டாம். தேவையானவருக்கு ஸ்கேன் வேண்டும். தேவையற்றவருக்கு அது வீண் செலவும் மன உளைச்சலும்தான்.

காசநோயா, புற்றுநோயா?

நாம் தவறிய இடம் இதுவே. இருமல், சளியில் இரத்தம், எடைக்குறைவு, காய்ச்சல், எக்ஸ்ரேயில் நிழல் ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவானவை. நமது நாட்டில் காசநோய் மிகுதி என்பதால் மருத்துவரின் எண்ணம் முதலில் அங்கேதான் செல்கிறது. இவ்வாறு காசநோய் மருந்திலேயே பல மாதங்களை இழந்த நுரையீரல் புற்றுநோயாளிகளை நாடெங்கும் உள்ள மருத்துவமனைகள் காண்கின்றன.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் மருந்து தொடங்கினால், 'சளியில் கிருமி இருப்பது உறுதியாயிற்றா?' என்று மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள். உறுதியாகாமல் தொடங்கி, இரண்டு மாதமாகியும் குணம் தெரியாவிட்டால், 'சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா?' என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நம்மிடம் அன்று யாரேனும் கேட்டிருந்தால் நாம் நன்றியோடு இருந்திருப்போம். ஆனால் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். காசநோய் மருந்தை இடையில் நிறுத்துவது அதனினும் பெரிய ஆபத்து.

ரோபோ அறுவை என்பது என்ன?

இனி சிகிச்சைக்கு வருவோம். நோய் பரவாத நிலையில், உடல்நிலை இடந்தந்தால், அறுவையே முதன்மையான சிகிச்சை. வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடதில் இரண்டும் உள்ளன. கட்டி உள்ள மடலையும் அதனைச் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளையும் நீக்குவது வழக்கம். கட்டி மிகச் சிறிதாயின் மடல் முழுவதையும் நீக்க வேண்டியதில்லை என்று அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஜப்பானில் 2 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியுள்ள 1,106 பேரிடம் நடத்தி 2022-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மடலின் ஒரு பகுதியை மட்டும் நீக்கியவர்களில் 94.3 விழுக்காட்டினரும், முழு மடலை நீக்கியவர்களில் 91.1 விழுக்காட்டினரும் ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருந்தனர். முன்னரே அறிந்தால் இழக்கும் நுரையீரலும் குறைவு என்பது இதன் பொருள்.

முற்காலத்தில் இவ்வறுவைக்காக முதுகிலிருந்து மார்பு வரை நீளமாகக் கிழித்து, விலா எலும்புகளை இரும்புக் கருவியால் விரித்து வைப்பார்கள். அந்த வலி பல மாதங்கள் நீடிக்கும். வலியால் ஆழ்ந்து மூச்சுவிட முடியாமல் சளி கட்டும், நிமோனியா வரும். 1990-களில் கேமராவை உள்ளே செலுத்திச் சிறு துளைகள் வழியாகச் செய்யும் முறை வந்தது. அதன் அடுத்த படியே ரோபோ அறுவை. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000-ஆம் ஆண்டு 'டாவின்சி' என்ற ரோபோ கருவிக்கு அனுமதி வழங்கியது. இத்தாலி நாட்டின் பீசா நகர மருத்துவர்கள் 2002-ஆம் ஆண்டிலேயே நெஞ்சறுவையில் ரோபோவைப் பயன்படுத்திய தம் அனுபவத்தை வெளியிட்டனர்.

'இயந்திரம் தானாக அறுத்துவிடுமா?' என்று நம்மிடம் பலர் அச்சத்தோடு கேட்டதுண்டு. இல்லை. ரோபோ தானாக ஓர் இழையைக்கூட வெட்டாது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, அறுவை செய்யும் பக்கத்து நுரையீரலுக்குக் காற்றை நிறுத்திவிடுவார்கள். விலா எலும்புகளுக்கு இடையே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அளவில் நான்கைந்து துளைகள் இடுவார்கள். அவற்றின் வழியே கேமராவும் மெல்லிய கருவிகளும் உள்ளே செல்லும். அவற்றைத் தாங்கி நிற்பவை ரோபோவின் கைகள். அறுவை மருத்துவர் அதே அறையில் ஒரு மேசை முன் அமர்ந்து, உள்ளுறுப்புகளைப் பல மடங்கு பெரிதாக, ஆழத்தோடு கூடிய முப்பரிமாணக் காட்சியாகப் பார்ப்பார். அவர் விரல்களை அசைத்தால் உள்ளே கருவியின் நுனி அசையும். கருவியின் நுனி நம் மணிக்கட்டைப் போல எல்லாத் திசையிலும் வளையும். கையின் சிறு நடுக்கம்கூட வடிகட்டப்பட்டுவிடும். இதயத்தை ஒட்டிய பெரிய இரத்தக் குழாய்களின் அருகே நெறிக்கட்டிகளை உரித்தெடுக்கையில் இது பேருதவியாகும். நீக்கிய பகுதியை ஒரு பையிலிட்டு, ஒரு துளையைச் சற்றே பெரிதாக்கி வெளியே எடுப்பார்கள்.

நமது மஹல்லாவிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வயது 58, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்ததற்காக ஸ்கேன் எடுத்தபோது, இடது நுரையீரலில் 14 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று தற்செயலாகத் தெரிந்தது. சென்னையில் ரோபோ முறையில் அறுவை நடந்தது. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். இன்று இச்சபையில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் கண்டறியப்பட்டது விபத்தால். மற்றவர் தவறவிடப்பட்டது நம்மால். உயிர் பிழைப்பது விபத்தை நம்பி இருத்தல் கூடாது.

ரோபோவின் எல்லைகள்

ரோபோவைப் பற்றி மிகைப்படுத்தியும் சொல்லக் கூடாது. நெஞ்சைத் திறந்து செய்வதைவிடச் சிறு துளை முறையில் வலியும் சிக்கலும் குறைவு என்பது தெளிவாக நிறுவப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் 503 பேரிடம் நடத்தி 2022-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், துளை வழி அறுவை பெற்றவர்கள் விரைவில் வீடு திரும்பினர். ஐந்தாவது வாரத்தில் அவர்களுடைய உடல் இயக்கமும் மேலாயிருந்தது. ஆனால் கேமரா வழித் துளை அறுவையையும் ரோபோ அறுவையையும் ஒப்பிட்டால், ரோபோவில் நெறிக்கட்டிகளைச் சற்று அதிகமாக எடுக்க முடிகிறது என்றும், செலவு கூடுதல் என்றும் சீனாவின் ஷாங்காய் நகரில் 320 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. பிற விளைவுகளில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆகவே கருவியைவிட அதன் முன் அமர்ந்திருப்பவரின் தேர்ச்சியே முதன்மையானது. ரோபோவுக்கு வழியில்லை என்பதற்காக அறுவையைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு. தேர்ந்த கைகளால் கேமரா வழியாகச் செய்தாலும், தேவைப்பட்டால் நெஞ்சைத் திறந்தே செய்தாலும், உரிய காலத்தில் செய்வதே உயிர் காக்கும். இரத்தப்போக்கு போன்ற சிக்கல் நேர்ந்தால் ரோபோ அறுவையும் திறந்த அறுவையாக மாற வேண்டி வரலாம். அது தோல்வி ஆகாது. அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்குக் குறிவைத்த கதிர்வீச்சுச் சிகிச்சையும், பரவிய நோய்க்குக் கட்டியின் மரபணுவைப் பரிசோதித்துக் கொடுக்கும் மருந்துகளும் உள்ளன.

செலவைப் பற்றி

தனியார் மருத்துவமனைகளில் ரோபோ அறுவைக்கு இலட்சக் கணக்கில் செலவாகும். சென்னை ஓமந்தூரார் வளாகத்திலுள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பங்கள், தமக்குரிய சிகிச்சை அதில் அடங்குமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். தனியார் காப்பீடு வைத்திருப்போர் ரோபோ அறுவைக்கு உச்சவரம்பு ஏதும் உண்டா என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கும் தாய்மார்கள், தொழிலாளர் நலத் திட்ட மருந்தகத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை உதவி பற்றிக் கேட்டறிய வேண்டும். அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நகையை அடகு வைத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

நிறைவாக, ஜமாஅத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

1. புகைப்பவர்கள் இன்றே விடுங்கள். எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு; அறுவைக்குச் சில வாரங்கள் முன்னர் விட்டால்கூட நுரையீரல் விரைந்து தேறும். தனியே விட இயலாதவர்கள் நம்மிடம் வாருங்கள். மருந்தும் ஆலோசனையும் உண்டு. கண்டிக்க மாட்டோம்.

2. மூன்று வாரத்திற்கு மேல் இருமல், சளியில் ஒரு துளியேனும் இரத்தம், குரல் கம்மல், காரணமின்றி எடை குறைதல், தோள்பட்டையில் தீராத வலி, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிமோனியா ஆகியவற்றுள் எது இருந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

3. ஐம்பது வயதைக் கடந்த, நெடுநாள் புகைத்த ஆண்களின் பட்டியலைத் தெருவாரியாக நமது இளைஞர்கள் தயாரிக்கட்டும். அவர்களில் யாருக்கு ஸ்கேன் தேவை என்பதைக் கட்டணமின்றிப் பரிசீலித்துச் சொல்ல நாம் ஆயத்தமாக உள்ளோம்.

4. ஸ்கேன் எடுக்க வசதியற்றவர்களுக்காக ஒரு சிறு நிதியை நிர்வாகம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முற்றிய நோய்க்குத் திரட்டும் தொகையில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும்.

5. எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் புள்ளி வளர்ந்ததா என்று தெரியும். பழைய படம் இருந்தால் தேவையற்ற ஊசியும் தவிர்க்கப்படும்.

அந்தப் பெரியவரின் மகன் இன்று நமது முதல் வேண்டுகோளுக்கு முன்னரே செவிசாய்த்துவிட்டார். வாப்பா இறந்த ஆண்டிலேயே அவர் பீடியை விட்டார். பட்டியல் தயாரிக்கும் பணியையும் தாமே முன்னின்று செய்வதாக நம்மிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு நாம் பட்ட கடனை இந்த உரையால் அடைத்துவிட முடியாது. அடுத்த ஆண்டறிக்கை வெளியாவதற்குள் ஒரே ஒருவருக்கேனும் நோயை நெல்லிக்காய் அளவாக வளருமுன் கண்டறிந்துவிட்டோம் என்றால், அதனை அக்கடனின் முதல் தவணையாகக் கொள்வோம்.